இடப்பக்கப் பின்கதவு

காலையில் போட்ட காபியை அப்படியே முற்றத்து வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காபியில் ஒரு குறையும் இல்லை. வீடு முழுக்கத் தின்னர் வாடை. அழுகின வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைந்ததுபோல ஒரு நெடி, கார் ஷெட்டிலிருந்து கிளம்பி அடுப்படிவரை வந்து டம்ளர் விளிம்பில் குந்திக்கொண்டிருக்கிறது. வாயில் வைத்ததும் குமட்டியது. நேற்று மத்தியானம் உங்கள் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

உங்கள் வண்டி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வந்திருப்பது மெரூனும் கிரீமுமாக இரண்டு நிறத்தில், பேக்கரியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு சாமான். கோயம்புத்தூரிலிருந்து லாரிமேல் ஏற்றி, பட்டுத்துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகன் துணியை உருவியதும் தெருவே கைதட்டியது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கதவில் என் முகம் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் அதில் என் மூஞ்சி தெரிந்ததில்லை. தெரியவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

உங்கள் மகன் என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். கோபம் வந்தால் ராஜவேல் உங்கள் மகன், மற்ற நேரத்தில் என் மகன். நீங்கள் இருக்கும்போதே உள்ள ஏற்பாடுதானே இது. அவன் கொஞ்ச நாளாக என் மகனாக இல்லை.

அந்த வண்டியை எனக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த சங்கதி. சாம்பல் நிற அம்பாசடர், உங்கள் அப்பா வாங்கியது, கம்பெனியில் அடித்துக் கொடுத்த அதே பெயிண்ட். மழை நாளில் புதூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, வேலிக் கம்பை ஒடித்து மண்ணைக் குத்திக் குத்தி எடுப்பீர்கள். “எறங்கித் தள்ளுட்டி” என்பீர்கள். பட்டுச்சேலையோடு தள்ளியிருக்கிறேன். கடம்பூரில் போளி வாங்க நிறுத்தினால் அதைத் தின்று கையைக் கழுவி, துண்டில் துடைத்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தொடுவீர்கள். நெய்க்கை பெயிண்டில் படக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “என்னைய ஒரு நாளாவது இப்பிடிப் பாத்துருக்கியளா?” என்று கேட்டால், “நீ துருப்பிடிக்க மாட்ட” என்பீர்கள். அந்தப் பதிலுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் காலம் ஓடிவிட்டது.

வண்டியைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்த நான், இன்றைக்கு அதன் பழைய பெயிண்டுக்காகப் பெற்ற பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு அடங்கும்.

நம் ஊருக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததே மழை இல்லாததால்தான். மழை பொய்த்தால் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரி அழுவான், தீப்பெட்டி ஆபீஸ்காரன் சிரிப்பான் என்று நீங்களே சொல்வீர்கள். ராஜவேலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. நம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள், அவற்றைச் செருகும் மரச்சட்டங்களான கட்டைகளில் அடுக்கியபடி காயாமல் நின்றன. சரக்கு எங்கே என்று வாங்குகிற ஏவாரிகளின் நச்சரிப்பு. தனித்தனி அறைகளில் பிரித்து வைக்கவேண்டிய கட்டைகளை, சாரல் அடிக்காத அறை அது ஒன்றுதான் என்று கிழக்கு அறைக்குள் கூரை முட்ட அடுக்கச் சொன்னீர்கள். ஈரக்காற்று ஏறிவிடும் என்று ஜன்னலையும் பாதி சாத்தச் சொன்னீர்கள். வருஷம் முழுக்க வெயிலை நம்பித் தொழில் பண்ணுகிறவனுக்கு ஈரத்தைக் கண்டால் புத்தி தடுமாறிவிடும். ஈரத்துக்குப் பயந்து நெருப்பை மறப்பது நம் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மேலே அடுக்கிய ஒரு கட்டை நழுவி இன்னொன்றில் உரசியது. அவ்வளவுதான் நடந்தது.

உங்கள்மேல் தப்பில்லை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால்தான் மிச்சக் காலம் உங்களோடு குடித்தனம் நடத்த முடிந்தது.

மழைக்காக வண்டியை அந்தக் கிழக்கு அறையின் கூரை இறவாணத்துக்குக் கீழே ஒட்டி நிறுத்தியிருந்தீர்கள். ஜன்னல் வழியாகப் பாய்ந்த தீயில் வண்டியின் இடப்பக்கம் முழுக்க அப்பளம் பொரிவதுபோலப் பெயிண்ட் பொங்கிவிட்டது. அப்படியே பின்னுக்கு எடுத்து வாசலில் நிறுத்தி, வெந்துபோன பெண்களைத் தூக்கி உள்ளே வைத்தீர்கள். பேச்சியம்மாளும் அவள் தங்கச்சி செண்பகமும் பின்சீட்டில். செண்பகத்துக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. ஏறும்போது அவள் இடப்பக்கப் பின்கதவின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் உள்ளே, நாலு விரல் வெளியே. சூட்டில் இளகியிருந்த பெயிண்டில், மருந்து அப்பியிருந்த அந்த விரல்கள் அழுந்தின. பிடித்த பிடியை அவள் விடவே இல்லையாம். கயத்தாறு தாண்டியதும் அக்காள் மடியிலேயே அடங்கிவிட்டாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது என்று சொன்னீர்கள். ஒரே தடவைதான் சொன்னீர்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கேஸெல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தபோது, டிங்கரிங் கடைக்காரர் லப்பப் பசையும் உப்புத்தாளுமாக வந்து நின்றார். “ரெண்டே நாளு அண்ணாச்சி, புத்தம்புதுசா ஆக்கித் தாரேன்.” அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். நான்தான் கத்தினேன். “பாக்கவே அருவருப்பா இருக்கு, அந்தப் பக்கத்தையாவது அடிச்சிப் போடுங்க.” நீங்கள் சத்தமே போடவில்லை. “இருக்கட்டும் ஏட்டி. பாக்கப் பாக்க உறுத்தணும்” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்டி திரும்பி வந்த வருஷத்து ஆயுத பூஜைக்குப் பேச்சி வந்தாள். காயம் ஆறி, கழுத்துத் தோல் சுருங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் நின்றாள். கூலிக்கு வந்திருக்கிறாளோ, நஷ்ட ஈடு கேட்டு வாங்க வந்திருக்கிறாளோ என்று நான் நினைத்தேன். அவள் நேராகப் பின்கதவுக்குப் போனாள். செண்பகத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. உடம்பையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கேயே வைத்து முடித்துவிடச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிறவி பூமியில் இருந்ததற்கு மிச்சம் என்று அந்தக் கதவில் நாலு விரல் பதிந்த இடம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தீர்கள். பதிந்த ஒவ்வொரு விரலுக்கும் அவள் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் பொருத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம் பின்கதவுக்கு, அப்புறம்தான் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும். ஏன் என்று கேட்ட விருந்தாளிகளுக்கு நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிற்காலத்தில் பழைய கார் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உங்களைத் தேடி வந்ததே, அவர்களை நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். குனிந்து, நிமிர்ந்து, பானெட்டைத் தடவி, “சார், இந்தப் பெயிண்டத் தொட்டுறாதீங்க. திரும்ப எத்தனை தடவ வேணா அடிக்கலாம், ஒரிஜினல் ஒரு தடவதான்” என்றார் ஒருவர். அந்த ஒரு வாக்கியத்தில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது இன்னொருவர் சின்ன டார்ச் லைட்டை அடித்து அந்த நாலு பள்ளத்தையும் பார்த்துவிட்டு, “ஆகா, என்ன அழகா வயசாகியிருக்கு!” என்றார். அழகாம். நான் காபித் தட்டோடு உள்ளே போய்விட்டேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டு நின்றீர்கள். உள்ளதை அவர்கள் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கலாம் என்று உங்கள்மேல் எனக்கு அன்று ஆத்திரம். இப்போதும் அது முழுசாகத் தீரவில்லை.

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. உங்கள் மகன் நாலுவழிச் சாலையில் ஹோட்டல் கட்டியிருக்கிறான், தெரியுமா? முகப்பில் கண்ணாடிக் கூண்டு கட்டி, அதற்குள் உங்கள் வண்டியை நிறுத்தப்போகிறானாம். சாப்பிட வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். சித்திரையில் பேச்சை ஆரம்பித்தான். நான் ஒன்றுதான் கேட்டேன்.

“என்னமும் பண்ணு. அந்தப் பின்கதவ மட்டும் விட்டுரு.”

“சரிம்மா, அதத் தொடமாட்டோம்” என்றான்.

புதூரில் தங்கச்சி பேத்திக்குச் சடங்கு. போய்விட்டுத் திரும்பி வந்தால் ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. போனில் கேட்டதற்கு, “எல்லாம் நல்லபடியா வரும்மா, நீங்க டென்சன் ஆவாதீங்க” என்றான்.

நேற்று துணியை உருவியதும் நான் நேரே இடப்பக்கம்தான் போனேன். பெயிண்ட் பொங்கின தடம் இல்லை, பள்ளம் இல்லை. பழைய பெயிண்டையெல்லாம் தகடு தெரிய உரித்து, லப்பம் வைத்துத் தேய்த்து, அதன்மேல் மெரூனை அடித்து, கண்ணாடிபோல வழவழவென்று வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெயிண்டில் மறைத்ததை நேற்றுத்தான் பார்த்தேன். ஜன்னல் விளிம்புக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு கை ஸ்டிக்கர். ஐந்து விரலும் விரித்த கை. அதன்மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சு வேறு.

“பாத்தீங்களா? ஒங்க சென்டிமென்ட் எனக்குத் தெரியாதா? அதே எடத்துல வைக்கச் சொன்னேன். பெயிண்டர் கையையே அளவெடுத்து வெட்டுனதும்மா” என்றான் உங்கள் மகன். முகத்தில் அப்படியொரு பெருமை.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, எலெக்சன்ல நிக்கப் போறியளா?” என்றார். தெரு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

எனக்கு அவன்மேல் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. கோபம் வந்தால் திட்டுவேன், அழுவேன், சாயங்காலம் சோறு போட்டுவிடுவேன். நேற்று வந்தது அருவருப்பு. சாப்பாட்டில் பல்லியைப் பார்த்தால் வருமே, அது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு அது வரக்கூடாது. வந்தது, என்ன செய்ய?

“ஏலே, அந்தக் கதவப் பிடிச்சிக்கிட்டுத்தானலே ஒரு புள்ள செத்தா” என்றேன்.

அவன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “அதனாலதாம்மா. சோறு திங்க வாரவங்க முன்னால அத எப்பிடிக் கொண்டு வைக்கது? இது தீப்பிடிச்ச வண்டியான்னு கேட்டா என்ன சொல்ல? அப்பா பேருக்கு நல்லதா அது?”

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தான் என்றுதான் இத்தனை நேரமும் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூண்டுக்கு முன்னால் வைக்கப்போகும் போர்டையும் காட்டினான். ‘எங்கள் தந்தை ஓட்டிய வாகனம். ஒரு கீறல்கூடப் படாமல் காத்தது.’ உங்கள் படமும் அதில் இருக்கிறது, பல் தெரியச் சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லைக்கூடக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கியிருக்கிறான்.

நேற்று ஆயுத பூஜை. சாயங்காலம் பூஜைக்குப் பேச்சி வந்தாள். வழக்கம்போலச் சந்தனத்தை அவளே அரைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்திருந்தாள். இப்போது அவளுக்குப் பார்வை மங்கல். ஆள் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள். வாசலிலேயே அவளை மறித்து விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவள் பாட்டுக்கு ஷெட்டுக்குள் போய், வண்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இடப்பக்கம் வந்து, கதவில் கை வைத்தாள். விரல் வழுக்கியது. மேலே தடவினாள், கீழே தடவினாள்.

“அக்கா, வேற வண்டியா நிக்கி?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் உங்கள் மகன் முந்திக்கொண்டான். “அதே வண்டிதான் பேச்சியக்கா. இங்கன பாருங்க, ஒங்களுக்காகவே வச்சிருக்கு” என்று அவள் கையைப் பிடித்து அந்த ஸ்டிக்கர்மேல் வைத்தான். அவள் அதன் ஓரத்தை நகத்தால் சுற்றி வந்தாள். தன் உள்ளங்கையை அதன்மேல் விரித்துப் பார்த்தாள். அவள் கையைவிட அது பெரிசாக வெளியே நின்றது.

“இது ஆம்பளக் கையில்லா. அவ நாலு வெரலுதான வச்சா” என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. கதவைவிட்டு ஒரு அடி தள்ளி நின்று, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“பழசச் சொரண்டி எடுத்தாங்கள்லா, அந்தத் தூள எங்கய்யா போட்டாங்க?”

“தூளா? அதெல்லாம் கூட்டிக் குப்பையில அள்ளியிருப்பாங்க. ஏன்?”

“ஒரு துணியில முடிஞ்சி தந்திருந்தா ஆத்துல கொண்டு விட்டுருப்பேன். அவளுக்கு அதுகூட யாரும் செய்யலய்யா.”

உங்கள் மகன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். பேச்சி கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “வாரேன்க்கா” என்று கிளம்பினாள். சுண்டலும் பொரியும் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். சந்தனத்தை யாருக்கும் வைக்கவில்லை. தெருமுனைவரை நான் கூடப் போனேன். அடுத்த வருஷம் வா என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவளும் வருவதாகச் சொல்லவில்லை.

மீண்டும் வீட்டுக்கு வந்தபோது அவன் ஷெட்டில் ஷாமி துணியை எடுத்து, பேச்சியின் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வியர்வை பட்டால் பாலிஷ் மங்கிவிடுமாம். நீங்கள் நெய்க்கையை முகர்ந்து பார்த்ததும் இவன் துடைத்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும், பார்க்கிறவர்களுக்கு. எனக்குச் சீ என்று போய்விட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த வண்டிக்குத் திரும்பவும் பழைய பெயிண்ட் வராது. கோயம்புத்தூர் பட்டறைக் குப்பை எந்த ஓடையில் போனதோ, அதை நான் தேடிப் பிடிக்கப்போவதும் இல்லை. ஆனால் காலையில் அவன் வந்து அறைக்கு வெளியே நின்று ஒன்று கேட்டான். வருகிற வெள்ளிக்கிழமை ஹோட்டல் திறப்புவிழாவாம். கூண்டின் திரையை நான்தான் விலக்க வேண்டுமாம். அப்பாவைப் பற்றி மைக்கில் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்குமாம், கடைக்காரர்கள் சங்கத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் ஆள் வருகிறார்களாம். நான் மாட்டேன் என்பேன் என்று எதிர்பார்த்து, கெஞ்சுகிற குரலைத் தயார் பண்ணி வந்திருந்தான்.

வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சியை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். அதற்கென்ன என்றான், அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கதவைக் காட்டிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். காட்ட ஒன்றும் இல்லாதபோது வாய்தான் மிச்சம். திரையை விலக்கி, போர்டில் எழுதியிருப்பதை முதலில் உரக்கப் படிப்பேன். பிறகு, இந்த வண்டியின் பின்சீட்டில் செண்பகம் என்று ஒருத்தி செத்துப்போனாள் என்று சொல்வேன். அவள் எங்கே பிடித்திருந்தாள், எத்தனை விரலால் பிடித்திருந்தாள் என்று சொல்வேன். கட்டைகளையெல்லாம் அந்த ஒரே அறைக்குள் அடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரர்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.